பல்லை அரிப்பது புழுவல்ல, புளிப்பு

நிலக்கடலை அறுவடை முடிந்ததும் மூட்டைகளைக் கட்டி விற்பனைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு, கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதிக்குப் பிள்ளைகளுக்கென்று பிஸ்கட்டும் மிட்டாயும் வாங்கி வருவது இன்று பல உழவர் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. வயலில் விளைந்த தின்பண்டம் வெளியூர் போகிறது. ஆலையில் செய்த தின்பண்டம் வீட்டுக்கு வருகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் பணத்தில் எவ்வளவு இழப்பு என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். பிள்ளைகளின் பல்லில் எவ்வளவு இழப்பு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பல் சொத்தை சிறிய தொல்லை என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் சொத்தைப் பல் வலிக்கத் தொடங்கிவிட்டால் பிள்ளை இரவில் உறங்குவதில்லை, சரியாக மென்று உண்பதில்லை, பள்ளிக்கும் போவதில்லை. களையெடுப்பு நேரத்தில் வீட்டில் ஒருவர் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு நகரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. கூலியும் பேருந்துச் செலவும் மருத்துவச் செலவும் சேர்ந்து விடுகின்றன. இத்தனைக்கும் காரணமான சொத்தை, பெரும்பாலும் வராமல் தடுக்கக் கூடிய ஒன்றேயாகும். அதற்கு விலையுயர்ந்த மருந்து எதுவும் தேவையில்லை. எதைத் தின்கிறோம், எப்போது தின்கிறோம், எத்தனை முறை தின்கிறோம் என்ற மூன்றையும் ஒழுங்கு செய்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

பல்லில் புழு உண்டா?

சொத்தையைப் 'பூச்சிப் பல்' என்றும் 'பல்லில் புழு விழுந்துவிட்டது' என்றும் கூறுவது நம் ஊர் வழக்கம். கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டுப் புகை பிடித்தால் புழு கீழே விழும் என்ற நம்பிக்கையும் நெடுநாளாக இருந்து வருகிறது. இந்த நம்பிக்கை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. உலகின் பல நாடுகளிலும் மக்கள் இவ்வாறே நம்பினார்கள். ஆனால் கத்தரிக்காயில் காய்ப்புழு இருப்பது போலப் பல்லுக்குள் புழு ஏதும் இருப்பதில்லை.

பல்லில் உள்ளவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். ஜெர்மனியில் பெர்லின் நகரில் பணியாற்றிய மில்லர் என்னும் பல் மருத்துவ அறிஞர், வாயிலுள்ள நுண்ணுயிர்கள் உணவிலுள்ள மாவையும் சர்க்கரையையும் அமிலமாக மாற்றுகின்றன, அந்த அமிலமே பல்லைக் கரைக்கிறது என்று 1890-இல் விளக்கினார். சொத்தைக்கு முக்கியக் காரணமான 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்' என்னும் பாக்டீரியாவை 1924-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த கிளார்க் பிரித்தெடுத்தார். எனவே பல்லை அரிப்பது புழுவன்று. வாயில் உண்டாகும் புளிப்பே ஆகும்.

பல்லும் ராக் பாஸ்பேட்டும்

பல்லின் மேலோடாகிய எனாமல், நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். அது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த 'அபடைட்' என்னும் தாதுப்பொருளால் ஆனது. உரக்கடையில் கிடைக்கும் ராக் பாஸ்பேட்டும் இதே அபடைட் வகையைச் சேர்ந்ததே என்பதை அறிந்தால் வியப்பாக இருக்கும்.

ராக் பாஸ்பேட்டின் குணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களின் அமில மண்ணில் அதை நேரடியாக இடலாம். மண்ணின் புளிப்பு அதைச் சிறிது சிறிதாகக் கரைத்துச் செடிக்குக் கொடுக்கும். அதே தூளைச் சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் இட்டால் கரையாமல் அப்படியே கிடக்கும். தொழிற்சாலையில் சூப்பர் பாஸ்பேட் தயாரிக்கும்போதும் ராக் பாஸ்பேட்டின் மீது கந்தக அமிலத்தைச் சேர்த்தே அதைக் கரையும் வடிவுக்கு மாற்றுகிறார்கள்.

பல்லும் அப்படியே. மண் பரிசோதனை அறிக்கையில் 'கார அமில நிலை' என்று ஓர் எண் குறிப்பிடப்பட்டிருக்கும். 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே குறையக் குறையப் புளிப்பு மிகுதி. வாயிலும் சாதாரண வேளைகளில் இந்த எண் 7-ஐ ஒட்டியே இருக்கும். அப்போது பல் கரைவதில்லை. பல்லின் மேற்பரப்பில் இது ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும் கரைந்து வெளியேறத் தொடங்குகின்றன.

வாயில் புளிப்பு எப்படி உண்டாகிறது?

இரவில் அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் புளித்திருக்கிறது. உறை ஊற்றிய பால் தயிராகிறது. குழியில் அடைத்த பசுந்தீவனம் புளித்துப் பதமாகிறது. மூன்றிலும் பாக்டீரியாக்கள் சர்க்கரையை லேக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. வாயிலும் நடப்பது இதுவே. பல்லின் மீது மெல்லிய பசை போன்ற படலம் ஒன்று எப்போதும் படிகிறது. காலையில் எழுந்ததும் நாவால் தடவிப் பார்த்தால் வழவழப்பாகத் தெரிவது அதுதான். அந்தப் படலத்தில் குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்குச் சர்க்கரை கிடைத்ததும் சில நிமிடங்களிலேயே அமிலத்தை உண்டாக்கிவிடுகின்றன. கரும்புச் சர்க்கரையாக இருந்தால் அதைக்கொண்டே பசையையும் தயாரித்துப் பல்லில் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்கின்றன.

இதற்கு மாற்றாக இயற்கை நமக்கு அளித்திருப்பது உமிழ்நீர். அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு இடுவதைப் போல, உமிழ்நீர் புளிப்பை முறிக்கிறது. மேலும் அதில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும் எனாமலில் மீண்டும் படிந்து, தொடக்கநிலைச் சேதத்தைச் சரிசெய்கின்றன. ஆனால் இதற்கு நேரம் தேவை. 1940-களில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஸ்டெஃபான், சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளித்தவர்களின் பற்படலத்தில் நுண்ணிய மின்முனைகளை வைத்து அளந்து பார்த்தார். சில நிமிடங்களில் புளிப்பு உச்சத்தை எட்டியது. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆயிற்று.

எவ்வளவு என்பதைவிட எத்தனை முறை என்பதே முக்கியம்

வடிகால் உள்ள வயலில் ஒரே நாளில் நிறைய நீர் பாய்ந்தாலும் வடிந்து, வேருக்குக் காற்றோட்டம் கிடைத்துவிடுகிறது. ஆனால் வாய்க்கால் உடைப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஓயாமல் கசிந்துகொண்டே இருந்தால் வேர் அழுகுகிறது. நீரின் அளவு குறைவுதான். ஆனால் வயலுக்குக் காய அவகாசம் இல்லை. வாயும் அவ்வாறே. உமிழ்நீருக்கு அவகாசம் கிடைத்தால் பல் பிழைக்கும்.

பள்ளி செல்லும் ஒரு பிள்ளையின் நாளைப் பாருங்கள். காலை 6.30 மணிக்குச் சர்க்கரை போட்ட பால். 10.45-க்குப் பள்ளி இடைவேளையில் மிட்டாய். மாலை 4.30-க்கு டீயும் பிஸ்கட்டும். 6 மணிக்குப் பாக்கெட் சிப்ஸ். 7.30-க்கு மீண்டும் இரண்டு கிரீம் பிஸ்கட். இரவு படுக்கும்போது சர்க்கரை போட்ட பால். மூன்று வேளை உணவைத் தவிர இவை ஆறு முறை. ஒரு முறைக்கு அரை மணி என்று கொண்டாலும், உணவு வேளைகள் நீங்கலாக மூன்று மணி நேரம் பல் புளிப்பில் ஊறுகிறது. இதே பாலைக் காலைப் பலகாரத்துடனும், இதே பிஸ்கட்டை மதிய உணவை முடித்த கையோடும் கொடுத்தால், உணவினால் உண்டாகும் புளிப்போடு அதுவும் அடங்கிவிடும். உணவு உண்ணும்போது உமிழ்நீரும் நிறையச் சுரப்பதால் இனிப்பு விரைவில் கழுவப்பட்டுவிடும்.

இந்த உண்மை சுவீடன் நாட்டில் லுண்ட் நகரிலுள்ள விப்பேஹோல்ம் என்னும் மருத்துவமனையில் 1940-களில் நடத்தப்பட்ட ஆய்வில் தெளிவாயிற்று. உணவோடு சேர்த்துச் சர்க்கரை உண்டவர்களுக்குச் சொத்தை சிறிதளவே கூடியது. உணவு வேளைகளுக்கு இடையில், பல்லில் ஒட்டிக்கொள்ளும் டாஃபிகளைத் தின்றவர்களுக்குச் சொத்தை பெருகியது. நாளொன்றுக்கு 24 டாஃபிகள் வரை கொடுக்கப்பட்டவர்கள் மிகுந்த பாதிப்புக்கு உள்ளாயினர். டாஃபியை நிறுத்தியதும் புதிய சொத்தைகள் குறைந்தன. அங்கே ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டவர்கள் மனவளர்ச்சி குன்றியவர்கள். அவர்களது சம்மதம் பெறாமலே அவர்களுடைய பற்கள் கெடுக்கப்பட்டன. இன்று அத்தகைய ஆய்வை எவரும் அனுமதிக்க மாட்டார்கள். அவர்கள் பட்ட துன்பத்தால் கிடைத்த அறிவை வீணாக்காமல் பயன்படுத்துவதே நாம் செய்யக்கூடியது. இதன்பின் சுவீடனில் பிள்ளைகளுக்கு இனிப்பைச் சனிக்கிழமை மட்டும் கொடுக்கும் வழக்கம் பரவியது.

எந்தத் தின்பண்டம் எப்படி?

ஒட்டும் இனிப்புகள்: டாஃபி, ஜவ்வு மிட்டாய், சப்பி உண்ணும் மிட்டாய், குச்சி மிட்டாய் ஆகியவை பல்லுக்கு மிகவும் கேடு விளைவிப்பவை. முதல் இரண்டும் பல்லின் பள்ளங்களில் ஒட்டிக்கொள்கின்றன. பின்னிரண்டும் வாயில் கரைந்து முடிய நெடுநேரமாகிறது. அளவில் சிறியவை என்பதால் இவற்றைப் பலர் பொருட்படுத்துவதில்லை.

பிஸ்கட், பன், கேக்: இவற்றில் மைதாவும் சர்க்கரையும் சேர்ந்துள்ளன. மென்றதும் கூழாகிக் கடைவாய்ப் பற்களின் பள்ளங்களில் அப்பிக்கொள்கின்றன. பிஸ்கட் தின்று சிறிது நேரம் கழித்துக் கடைவாயை விரலால் தடவிப் பார்த்தால் இது விளங்கும்.

உப்புத் தின்பண்டங்கள்: சிப்ஸ், பாக்கெட்டில் வரும் பொரித்த வகைகள் ஆகியவற்றில் இனிப்பு இல்லையே என்று கேட்கலாம். சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கிறதல்லவா? உமிழ்நீர் மாவைச் சர்க்கரையாக மாற்றுவதே அதற்குக் காரணம். பொரித்த மாவுப் பண்டம் பல்லிடுக்கில் சிக்கிக்கொண்டால் அதுவும் புளிக்கும். இனிப்புப் பிஸ்கட்டைவிடக் கேடு குறைவு; எனினும் ஓயாமல் கொறித்துக்கொண்டிருப்பது தவறு. வீட்டு முறுக்குக்கும் இது பொருந்தும்.

வெல்லம், கருப்பட்டி, தேன்: 'ஆலைச் சர்க்கரைதான் கெடுதல், வெல்லமும் கருப்பட்டியும் பல்லை ஒன்றும் செய்யா' என்பது பரவலான எண்ணம். இது சரியன்று. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் சில தாது உப்புகள் இருப்பது உண்மை. ஆனால் இரண்டிலும் மிகுந்திருப்பது ஆலைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ். தேனில் வேறு வகைச் சர்க்கரைகள் உள்ளன. பாக்டீரியாக்கள் நிறம் பார்த்துத் தின்பதில்லை. கடலை மிட்டாயில் கடலை நல்லது, பாகு ஒட்டுவது. எனவே அதை உணவை முடித்த கையோடு கொடுத்து, வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள்.

கரும்பும் பழங்களும்: பொங்கலுக்குக் கரும்பு தின்பதை யாரும் விட வேண்டியதில்லை. ஒரே அமர்வில் தின்று முடித்து, நீரால் நன்கு கொப்பளித்தால் போதும். கரும்பு பயிரிடும் உழவர்களுக்கு எதிராக இதைச் சொல்வதாக எண்ண வேண்டாம். சர்க்கரையை உண்ணும் வேளையையும் முறையையும் பற்றியதே நம் பேச்சு. கொய்யா, பப்பாளி போன்ற பழங்களை முழுதாகக் கடித்து மென்று தின்னும்போது உமிழ்நீர் நன்கு சுரக்கிறது. ஆகவே இவற்றால் பல்லுக்குத் தீங்கு மிகக் குறைவு. உலர்திராட்சை, பேரீச்சை ஆகியவை மட்டும் ஒட்டுவதால் கவனம் தேவை.

பானங்களில் கவனிக்க வேண்டியவை

டீயும் காபியும்: வயல் வேலை செய்வோர் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை டீ குடிப்பதுண்டு. டீயில் தீமை இல்லை. அதிலுள்ள சர்க்கரையே பல்லுக்கு ஆகாதது. ஒரு டீக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் நான்கு டீயில் ஏறத்தாழ 32 கிராம் சேர்ந்துவிடும். சர்க்கரையை முதலில் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று வாரங்களில் நாக்கு பழகிவிடும். டீயுடன் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி வறுத்த கடலை எடுத்துக்கொள்ளலாம்.

குளிர்பானங்கள்: இவை இருவழியில் தாக்குகின்றன. முதலாவது, 100 மில்லியில் ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை. அதாவது 200 மில்லிப் புட்டியில் ஐந்து தேக்கரண்டி. இரண்டாவது, பானத்திலேயே அமிலம் கலந்துள்ளது. கோலா பானங்களின் கார அமில நிலை 2.5 அளவில் உள்ளது. எலுமிச்சைச் சாறும் ஏறத்தாழ அதே புளிப்புடையதே. பாக்டீரியாவின் உதவியின்றி இந்த அமிலமே எனாமலை நேரடியாகத் தேய்க்கிறது. மழைநீர் மேல்மண்ணை அடித்துச் செல்வது மண் அரிமானம் என்றால், இது பல் அரிமானம். சர்க்கரை இல்லாதவை என்று விற்கப்படும் குளிர்பானங்களிலும் இந்த அமிலம் உண்டு. இவற்றைக் குடித்தவுடன் பல் துலக்கக் கூடாது. மென்மையாகியிருக்கும் எனாமல் தேய்ந்துவிடும். நீரால் கொப்பளித்துவிட்டு அரை மணிக்கு மேல் பொறுத்துத் துலக்கலாம்.

பழச்சாறும் சத்துப் பானப் பொடிகளும்: பழத்தைப் பிழிந்து சாறாக்கும்போது அதிலுள்ள சர்க்கரை விடுபட்டுவிடுகிறது. முழுப் பழமே மேல். 'வளரும் பிள்ளைகளுக்கு' என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகள் பலவற்றில் சர்க்கரை கணிசமாக உள்ளது. பாக்கெட்டின் பின்புறத்தைப் பாருங்கள். சேர்க்கப்பட்ட பொருள்கள், எடையில் மிகுதியானது முதலில் வரும்படி வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். முதல் மூன்றில் சர்க்கரை இருந்தால் அது இனிப்புப் பண்டம் என்றே கொள்ளலாம். ஆங்கிலத்தில் 'ஆடட் சுகர்ஸ்' என்றிருக்கும் வரி, தனியாகச் சேர்த்த சர்க்கரையின் அளவைக் காட்டும். பிள்ளைகளையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

உணவிலும் பானத்திலும் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் சர்க்கரை, நாம் பெறும் மொத்த எரிசக்தியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றும், 5 சதவீதத்துக்குக் கீழே குறைத்தால் மேலும் நன்மை என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியது. பெரியவர்களுக்கு 5 சதவீதம் என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. மேலே சொன்ன நான்கு டீயிலேயே இந்த அளவு கடந்துவிடுகிறது.

மோர், பால், இளநீர்: மோர் புளிக்கிறதே, அது பல்லைக் கரைக்காதா என்ற ஐயம் எழலாம். கரைக்காது. மோரிலும் தயிரிலும் சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும் ஏற்கனவே நிறையக் கரைந்துள்ளன. உப்பு முற்றிலும் கரைந்து நிறைந்த நீரில் மேலும் உப்புப் போட்டால் கரையாதல்லவா? அதுபோல அவை பல்லிலிருந்து மேலும் எடுத்துக்கொள்வதில்லை. சர்க்கரை சேர்க்காத பாலும் பல்லுக்கு நல்லது. இளநீரில் சிறிதளவு சர்க்கரை இருந்தாலும் ஒரே மூச்சில் குடித்துவிடுவதால் தீங்கு குறைவு. எல்லாவற்றையும்விடச் சிறந்தது வெறும் தண்ணீர்.

புட்டிப் பால்: குழந்தை அழாமல் உறங்குவதற்காகச் சர்க்கரை போட்ட பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்க விடுவது மிகத் தவறு. உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். இரவு முழுவதும் பால் முன்பற்களைச் சுற்றித் தேங்கிப் புளிக்கும். இரண்டு வயதுக்குள்ளாகவே மேல் முன்பற்கள் கறுத்து உடைந்து போவதற்கு இதுவே முக்கியக் காரணம். கருப்பட்டி நீரில் தோய்த்த துணியைச் சப்பக் கொடுப்பதும் இத்தகையதே.

ஆறு வயதுக் கடைவாய்ப் பல்

'பால் பல்தானே, விழுந்து முளைக்கும்' என்று அலட்சியமாக இருப்பது கூடாது. பின்புறப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. அவை முன்னதாகவே போய்விட்டால் அடுத்து வரும் பற்கள் வரிசை தவறி முளைக்கும்.

அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. ஏறத்தாழ ஆறு வயதில், கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே நான்கு கடைவாய்ப் பற்கள் புதிதாக முளைக்கின்றன. பல் விழாமல் வருவதால் இவற்றையும் பால் பல் என்றே பெற்றோர் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் இவை வாழ்நாள் முழுவதற்குமான நிலைப்பற்கள். இவற்றின் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருப்பதாலும், முளைத்த புதிதில் எனாமல் முழு உறுதி பெறாமல் இருப்பதாலும், முதல் சில ஆண்டுகளிலேயே சொத்தை எளிதில் பிடிக்கிறது. நாற்றங்காலில் கவனம் தவறினால் நடவு வயலில் ஈடுகட்ட முடியாதல்லவா? அதுபோல இந்த வயதில் தவறவிட்டால் பின்னர் திரும்பப் பெற முடியாது. எனாமலில் குழி விழுந்துவிட்டால் அது தானாக வளர்ந்து மூடாது.

ஆனால் குழி விழுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை கிடைக்கிறது. ஈறை ஒட்டியோ பள்ளத்தின் ஓரத்திலோ சுண்ணாம்பு போன்ற மங்கிய வெள்ளைத் திட்டு தோன்றும். அந்த நிலையில் இடையிடையே இனிப்புத் தின்பதை நிறுத்தி, புளோரைடு பற்பசையால் துலக்கி வந்தால் அது மேலும் பரவாமல் நின்றுவிடும், சீரடையவும் கூடும். மாதம் ஒருமுறை பிள்ளைகளை வெயில் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். வெள்ளைத் திட்டோ கறுப்புப் புள்ளியோ தெரிந்தால் வலி வரும்வரை காத்திராமல் அரசு மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவில் காட்டுங்கள். புதிய கடைவாய்ப் பற்களின் பள்ளங்களைச் சொத்தை பிடிக்கும் முன்பே மூடிவிடும் பூச்சு முறையும் உள்ளது.

பல் துலக்குதலும் கிணற்று நீரும்

காலையிலும், இரவு படுக்கும் முன்பும் பல் துலக்க வேண்டும். இரண்டில் இரவுத் துலக்கலே முக்கியம். புளோரைடு கலந்த பற்பசை நல்லது. புளோரைடு எனாமலில் சேரும்போது, அமிலத்தில் எளிதில் கரையாத தாதுவாக அதை மாற்றுகிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஓர் அரிசி மணி அளவும், மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் பசை போதும். விழுங்காமல் துப்பப் பழக்க வேண்டும். வேப்பங்குச்சியால் முறையாகத் துலக்கினால் படலம் நீங்கும். ஆனால் அதில் புளோரைடு இல்லை. செங்கல் தூள், மணல், கரித்தூள் ஆகியவை எனாமலைத் தேய்த்துவிடும். அவற்றைக் கைவிட வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் ஆகிய மாவட்டங்களின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு மிகுதியாக உள்ளது. அளவுக்கு மிஞ்சினால் அது பல்லில் பழுப்புத் திட்டுகளையும், எலும்பில் ஊனத்தையும் உண்டாக்கும். பழுப்புத் திட்டு வேறு, சொத்தை வேறு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத நிலையில் 1.5 மில்லிகிராம் வரை இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. இச்சிக்கலைத் தீர்க்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காகத் தொடங்கி வைக்கப்பட்டது. இப்பகுதிகளில் வசிப்போர் பாசனக் கிணற்று நீரைக் குடிக்கப் பயன்படுத்தும் முன், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பற்பசை குறித்துப் பல் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவது நலம்.

வயலிலிருந்தே தின்பண்டம்

பிள்ளைகள் இடையில் எதையும் தின்னவே கூடாது என்று தடுப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. விளையாடும் பிள்ளைக்குப் பசிக்கும். எனவே பல்லில் ஒட்டாததும், சர்க்கரை குறைந்ததுமான பண்டங்களைக் கையருகில் வைத்திருக்க வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை உங்கள் நிலத்திலேயே விளைபவை.

நிலக்கடலையில் பாதியளவு எண்ணெயும், கால் பங்கு புரதமும் உள்ளன. பாக்டீரியாக்களுக்குத் தேவையான சர்க்கரை சொற்பமே. மெல்ல மெல்ல உமிழ்நீரும் நன்கு சுரக்கும். அறுவடையில் ஒரு மூட்டையை வீட்டுக்கென ஒதுக்கி, ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு வரும்வரை நன்கு உலர்த்தித் தோலுடன் சேமித்து வையுங்கள். பூஞ்சாணம் பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய பருப்புகளைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அவற்றில் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு இருக்கக்கூடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுக்கடலை கொடுத்தால் மூச்சுக்குழலில் சிக்கும் அபாயம் உண்டு. அவர்களுக்கு அரைத்தோ நன்கு நசுக்கியோ கொடுக்கலாம்.

வரப்பில் தட்டைப்பயறு ஊன்றினால் சுண்டலுக்கு ஆகும். பாசிப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை ஆகியவற்றையும் சுண்டல் செய்யலாம். தேங்காய்ச் சில்லு, வெள்ளரிப் பிஞ்சு, வேகவைத்த முட்டை, உப்பிட்ட மோர் ஆகியவையும் ஏற்றவை. பம்பு செட் அருகே லக்னோ 49 போன்ற கொய்யா இரகத்தின் பதியன் செடிகள் இரண்டை நட்டால், இரண்டு மூன்று ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். கழிவு நீர் பாயும் இடத்தில் ஒரு பப்பாளி வளர்க்கலாம். இவை பல்லுக்கு மட்டுமன்றிப் பிள்ளைகளின் வளர்ச்சிக்கும் உதவும். பிஸ்கட்டுக்கும் சிப்ஸுக்கும் செலவாகும் தொகையை ஒரு மாதம் குறித்து வைத்துப் பாருங்கள். அந்த மூட்டைக் கடலையை விற்காமல் வைத்துக்கொண்டது நட்டமா, ஆதாயமா என்பது அப்போது விளங்கும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. இனிப்பை உணவோடு அல்லது உணவு முடிந்த கையோடு உண்ணுங்கள். இடைவேளைகளில் தவிர்த்துவிடுங்கள்.

2. மிட்டாயை வாரத்தில் ஒரு நாள் என்று வரையறை செய்யுங்கள். அன்றைக்கு ஒரே வேளையில் தின்று முடிக்கட்டும்.

3. வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியவையும் பல்லைப் பொறுத்தவரை சர்க்கரையே.

4. எதைத் தின்றாலும் பின்னர் நீரால் நன்கு கொப்பளியுங்கள்.

5. இரவு பல் துலக்கிய பின் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம். குழந்தையின் வாயில் பால் புட்டியுடன் உறங்க விடாதீர்கள்.

6. ஆறு வயதில் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் நிலைப்பல் என்பதை மறவாதீர்கள்.

7. மாதம் ஒருமுறை பிள்ளைகளின் பல்லைப் பாருங்கள். வெள்ளைத் திட்டு தெரிந்ததும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உழவர் பெருமக்களே! பயிரில் முதல் இலைப்புள்ளி தெரிந்த அன்றே வயலைச் சுற்றி வந்து பார்க்கும் வழக்கம் உங்களுடையது. அந்தக் கவனத்தில் மாதத்துக்கு ஐந்து நிமிடத்தைப் பிள்ளைகளின் வாய்க்கும் ஒதுக்குங்கள். இந்த ஆண்டு கடலை அறுவடையாகும்போது வீட்டுக்கென்று ஒரு மூட்டையை எடுத்து வையுங்கள்.